எலி தின்ற ஒன்பதாம் புத்தகம்

போன வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு சுண்டெலி உட்கார்ந்து ஜரிகைமீசையைத் தின்றுகொண்டிருந்தது.

உன் ஜரிகைமீசையைத்தான். ஏழு குழி நாட்டின் காவலன். எலி அரசன் கஞ்சிராயனை எட்டுப் புத்தகங்களில் எட்டுத் தடவை ஓட ஓட விரட்டிய மாவீரன். வந்தவாசியிலிருந்து ஒரு பிள்ளை, "எங்க வீட்டுப் பூனை சோம்பேறி, ஜரிகைமீசையை ஒரு வாரம் அனுப்பி வையுங்கள்" என்று அஞ்சலட்டை போட்டதே, அந்தப் பூனை. படத்தில் அவன் படுத்திருந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்குக் காணோம். நான் ஸ்டூல் போட்டு ஏறி, முட்டி இரண்டும் கட்டைவண்டி மாதிரிக் கத்த, துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தேன். அந்தச் சுண்டெலி என்னைப் பார்த்து மீசையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் இறங்கிப் போனது. அதற்கு ஒரு ஜல்தியும் இல்லை.

நீ வரைந்த படச்சுருளைக் கையில் எடுத்ததும் வாசம் அடித்தது. பழைய அரிசிக் கஞ்சி வாசம். அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அடிப்பாவி, பன்னிரண்டு கிராப் தாளையும் தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை வைத்தா ஒட்டினாய்? இந்த ஆரணியில் ஒரு கோந்து பாட்டிலுக்கா பஞ்சம்? பட்டுநூலில் இருக்கிற கஞ்சிக்கு ஆசைப்பட்டுத்தான் எலி வரும் என்று எட்டுப் புத்தகமாக ஊருக்குப் படம் போட்டுச் சொன்னவள் நீ. கடைசியில் பூனையையே கஞ்சியில் தோய்த்து எலிக்கு இலை போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

உன்மேல் எனக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகக் கோபம். வியாழக்கிழமை காலை அது பழைய கோபமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் புதுக் கோபமாகிவிட்டது. பழையதையாவது தூக்கிப் பரண்மேல் போட முடிந்தது. புதியதை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். நீ பதில் சொல்ல மாட்டாய், தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் பெரிதாகச் சொல்லிக் கிழித்தாயா?

நம் சிநேகிதமே பூனையால் வந்ததுதான். பஜார் தெருவில் அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நான் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். அப்பா கூலிக்கு வயல் வரப்பில் அண்டை வெட்டுகிறவர். மகளாவது விரலால் பிழைக்கட்டும் என்று அனுப்பி வைத்தார். நீ உள்ளூர்க்காரி, தறிக்காரர் வீட்டுப் பெண், டைப் அடிப்பதில் உனக்கு அரைக்காசு அக்கறை கிடையாது. பரீட்சையில் வியாபாரக் கடிதம் ஒன்று அடிக்கச் சொன்னார்கள். நீ எக்ஸ் எழுத்தை மட்டும் தட்டித் தட்டி, காது, மீசை, சுருண்ட வால் எல்லாம் வைத்து ஒரு பூனையை அடித்து முடித்திருந்தாய்.

"இன்னாம்மா இது?" என்றார் மேற்பார்வைக்கு வந்தவர்.

"பூனை சார்."

"லெட்டர் எங்க?"

"அத பூனை எட்துகினு பூட்ச்சி சார்."

நான் வாய்விட்டுச் சிரித்ததில் என் தாளில் மூன்று தப்பு விழுந்தது. ஆனாலும் நான் பாஸ், நீ பெயில். நான் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து முப்பது வருஷமாக "பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்று தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ புடவைக்கு டிசைன் போடுகிறவளானாய். கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி அன்னம், மயில், யாளி. ஒரு கட்டம் ஒரு இழை. அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள், அட்டையைப் பார்த்துத் தறி நெய்யும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்குமேல் தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் வயிற்றெரிச்சல், அது பின்னால் வருகிறது.

மயிலும் யாளியும் போட்டு அலுத்துப்போன ஒரு நாள், மிச்சத் தாளில் பழைய பூனையை மறுபடி போட்டாய். உடம்பு கறுப்பு, ஒரு கண் குருடு, ஒற்றை மீசை மட்டும் தங்க நிறம். தலை உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. பிள்ளைகள் அதை "கம்ப்யூட்டர் பூனை" என்றார்கள். உனக்கு வட்டம் போடவே வராது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சரி, நாலு பேரிடம் சொன்னேன்.

நாம் வேலை செய்த முறையைக் கேட்டால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஊரில் எல்லாரும் கதையை எழுதிவிட்டுப் படத்துக்கு அலைவார்கள். நமக்கு நீ படம் போட்டுக் கொடுத்த பிறகுதான் கதை. ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டாய். நான் பத்து நாள் அதை முறைத்துப் பார்த்து, என்ன நடக்கிறதென்று கண்டுபிடித்து எழுத வேண்டும். "இது எலியா, செருப்பா?" என்று கேட்டால், "நீ இன்னா நெனைக்கிறயோ அது" என்பாய். மூன்றாம் புத்தகத்தில் ஒரு செருப்பு கஞ்சிராயனின் மந்திரியானது அப்படித்தான்.

ஏழு குழி நாடு என்பது, நெய்கிறவர்கள் கால் தொங்கவிட்டு உட்காருகிற குழித்தறிகளின் குழிகளெல்லாம் தரைக்கடியில் எலி வளைகளால் இணைந்திருக்கிற நாடு. மனிதர்கள் யாருக்கும் முகம் கிடையாது, குழிக்குள் தொங்குகிற கால்கள் மட்டும்தான். மெட்டி போட்ட ஒரு ஜோடிக் கால் ஜரிகைமீசையின் எஜமானி. அது உன் கால் என்று எனக்குத் தெரியும், இடது சுண்டுவிரல் மேலே ஏறியிருக்கும். அந்தக் கால்களுக்கு முன்னால்தான் அவன் சத்தியம் செய்தான்: நூலில் நகம் படாது. பூனை நகம் பட்டால் எலிப் பல் பட்டதைவிட மோசம் அல்லவா? ஐந்தாம் புத்தகத்தில் கஞ்சிராயன் அவனைப் பாவு நூலில் சிக்க வைத்துவிட்டான். நகத்தை நீட்டி ஒரு கிழி கிழித்தால் தப்பித்துவிடலாம். ஒரு பகல் முழுக்க ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கினான், நகத்தை நீட்டவில்லை. அந்தப் பக்கத்தை நான் அழுதுகொண்டே எழுதினேன். கேட்டதற்கு வெங்காயம் என்று சொன்னேன்.

உனக்கு அந்தச் சத்தியம் கதைக்கு மட்டும் இல்லை. உன் வீட்டுக்கு வந்து, தாலுக்காபீஸ் கிளார்க்கின் இரண்டாவது சம்சாரம், கோயில் தர்மகர்த்தாவின் சொட்டைத் தலைக்கு வந்த புது முடி என்று நான் ஆரம்பித்தால், நீ தலை நிமிராமல் கட்டத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டே சொல்லுவாய்: "நகத்த உள்ள இழுடி." நான் இழுத்துக்கொள்வேன். ஒரு ஐந்து நிமிஷம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் வைகாசியில் உன் வீட்டுக்காரர் வந்து ஒரு புடவைக்கடைப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். "ஒம்போதாவது. டிசைன் மாதிரி பாக்கச் சொன்னா." அவ்வளவுதான் சொன்னார். காப்பி குடிக்கக்கூட நிற்கவில்லை. நீ ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "வேலை" என்றார்.

எட்டுப் புத்தகமும் பக்கம் பக்கமாக, நம்பர் போட்டு வந்தவை. இது தாளோடு தாள் ஒட்டிய ஒரே நீளச் சுருள், முந்தானை மாதிரி. நம்பர் கிடையாது. கூடத்தில் விரித்துப்போட்டு மேலேயிருந்து ஆரம்பித்தேன்.

முதல் படத்திலேயே எனக்குச் சுருக்கென்றது. முதல்முறையாக முகத்தோடு ஒரு மனுஷியை வரைந்திருந்தாய். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்க, வாயைப் பிளந்து தூங்குகிற ஒரு பெருத்த பொம்பிளை. சந்தேகத்துக்கே இடமில்லை, என் பச்சைப் பூப்போட்ட நைட்டி. வயிற்றின்மேல் ஜரிகைமீசை. அப்புறம் ஜன்னல். அப்புறம் ஆற்றுப் பாலம், பஜார், கோட்டை மைதானம். கீழே போகப் போக மீசையின் தங்கம் மங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் தறிக்குழி. மெட்டிக் கால்களைக் காணோம். தறியில் அறுந்த நூல்கள். கடைசியில் குழிக்குள் சுருண்டு, கண் மூடி, மீசை வெளுத்து அவன் கிடந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன அர்த்தம் இதற்கு? இந்தக் குண்டுப் பொம்பிளையிடம் இருக்க முடியாமல் பூனை ஓடிப்போய், சத்தியத்தை மீறி நூலைக் கிழித்து, செத்துப்போயிற்று என்று அர்த்தம். உடனே போன் போட்டேன்.

"என்னக் குண்டா வரைஞ்ச, பரவால்ல. பூனைய ஏன்டி கொன்ன?"

நீ கேட்டாய்: "நீ அப்படியா படிச்ச?"

"வேற எப்படிப் படிக்கிறதாம்? கண்ணு நல்லாத்தான் கீது எனக்கு."

கடைசியில், "சரி. எழுதாத, வுடு" என்றாய். வைத்துவிட்டாய்.

'நீ அப்படியா படிச்ச?' அந்த மூன்று வார்த்தையை நான் குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய கலைஞி, எனக்குப் புரியவில்லையாம்! நானும் போகவில்லை, நீயும் கூப்பிடவில்லை. ஆனியில் நூலக வாசகர் வட்டத்தில் நம் இரண்டு பேருக்கும் பாராட்டு வைத்தார்கள். நீ வரவில்லை. மைக் என் கையில். என் கையில் மைக் கொடுப்பதும் குரங்கின் கையில் பாவு நூலைக் கொடுப்பதும் ஒன்று.

"என் தோழி ஏன் வரலைன்னு கேக்கறீங்க. ஒரு பூனையைக் கொன்னுட்டா. பாவம் தீர காசிக்குப் போயிருக்கா. வரும்போது தங்கத்துல பூனை செஞ்சி எடுத்துகினு வருவா, ஆளுக்கொரு மீசை குடுப்பா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு பேருக்குப் புரையேறியது. அன்றைக்கு நீ காசியில் இல்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய்.

ஆவணியில் பூக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் யாருக்குத் தும்மல் வந்தாலும் மூக்குக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று பேர் வாங்கியவள் நான். முழம் அளந்துகொண்டே அவள், "இன்னாக்கா, உன் கூட்டாளி பூட்டாங்களே, நீ இங்க நிக்கிற?" என்றாள். நான் ஓடி வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். பழக்கதோஷம்.

எத்தனை மாசமாக என்று கேட்டேன். தையிலிருந்தாம். உன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, "ஏன்ணே என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். "அவளாண்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னு அவதாம்மா சொன்னா" என்றார். எட்டூர்ச் சனமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் உன்னை வைதேன். தேங்காய் துருவும்போது வைதேன், ஆபீஸ் கோப்பு தைக்கும்போது வைதேன். எனக்குச் சொல்லாமல் செத்தது ஒரு குற்றம். போகிற போக்கில் பூனையையும் கொன்றுவிட்டுப் போனது இரண்டாவது குற்றம். அச்சகத்துக்காரர் "ஒம்போதாவது எப்ப?" என்று கேட்டால், "எழுத ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினேன். சுருளைப் பரணில் போட்டேன். அங்கேதான் சுண்டெலி அதைப் படிக்க ஆரம்பித்தது.

வியாழக்கிழமை நான் அதை ஏன் தேவராஜ் அண்ணனிடம் எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் டிசைனுக்கெல்லாம் அட்டை அடித்தவர். உன்மேல் கோபம் இருந்தாலும், எலிக்குத் தீனி போடுகிற அளவுக்கு இல்லை. தின்றுபோன கட்டங்களை அவர் நிரப்பித் தருவார் என்று நினைத்தேன். அவர் மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் இரும்புக் கட்டை வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"ரொம்ப இல்ல. மொதோ வரிசைலதான் பல்லு பட்டுகீது."

"மொதல் படம் நல்லாத்தாண்ணே இருக்குது. நான்தானே, அசிங்கமா படுத்துகினு. கடைசிலதான் தின்னுடுச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? இதான மொதோ வரிசை." அவர் விரல் தாளின் அடியில் இருந்தது. "கிராப்பு கீழருந்துதான மேல போவும்? தறில புடவை எப்படி வளருது, அந்த மாதிரி. மேல இருக்கறது கடைசி அட்டை."

"இது புடவை இல்லண்ணே. கதை."

"அந்தம்மா கையில எது வந்தாலும் கீழருந்துதான் வரும். இரவது வருசமா நான் அடிச்சிகினு வரேன்." அப்புறம், என் வாயை மூட வைக்கிற மாதிரி ஒன்று சொன்னார்: "பூன மூஞ்சப் பாரு, எல்லாக் கட்டத்துலயும் மேல பாத்துகினு கீது. கீழ எறங்குற பூன மேலயா பாத்துகினு எறங்கும்?"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அதை நான் வைகாசியிலேயே கவனித்தேன். பூனை துக்கத்தில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து போகிறது என்று நினைத்தேன். இலக்கியம் என்று நினைத்தேன்.

"இந்தக் கிழிஞ்ச நூலு?" என்றேன்.

"கிழிஞ்சது யாரு சொன்னா? புடவைய அறுத்தப்புறம் தறில நிக்கிற மிச்ச இழை. அதோடதான் அட்த்த பாவு நூலை ஒண்ணொண்ணா சேத்து முறுக்குவாங்க. எவ்ளோ நேரா வெட்டிகீது பாரு. நகம் பட்டா இப்டியா இருக்கும்? நகம் நீட்டினா அந்தம்மா ஒரு கட்டம் செவப்பு வைக்கும். இதுல செவப்பே இல்ல."

இல்லை. பன்னிரண்டு தாளிலும் ஒரு சிவப்புக் கட்டம் இல்லை. எட்டுப் புத்தகம் எழுதியவள் நான், அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துத்தான் "நகத்தை நீட்டினான்" என்று எழுதுவேன். அதைத் தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. கோபத்துக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

அந்த மேஜையில் நின்றபடி கீழேயிருந்து படித்தேன். மெட்டிக் கால்கள் இல்லாத குழி. புடவை அறுத்தாயிற்று, மிச்ச இழை நிற்கிறது. பூனை படுத்திருக்கிறது, மீசையில் நிறமில்லை. அப்புறம் எழுந்திருக்கிறது. மைதானம், பஜார், பாலம். மேலே போகப் போக மீசையில் தங்கம் ஏறுகிறது. ஒரு ஜன்னல். ஒரு குண்டுப் பொம்பிளை வாயைப் பிளந்து தூங்குகிறாள், அவள் வயிற்றின்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. முடிந்தது.

நான் போகப்போகிறேன், இவனை நீ வைத்துக்கொள். இதைத்தான் சொல்லியிருக்கிறாய். முதல் வரிசையிலேயே சொல்லிவிட்டாய். சரியாகப் படித்திருந்தால் வைகாசி மாசமே, அந்த முதல் படத்திலேயே, செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருப்பேன். ஆவணி வரைக்கும் உன் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்திருப்பேன்.

எனக்கு உண்டான ஆத்திரத்தை உனக்கு எப்படிச் சொல்வது? வாய் என்று ஒன்று எதற்கடி உனக்கு இருந்தது? வெற்றிலை போடவா? ஊருக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிகிற பாஷையில் சொன்னாயாக்கும்! ஆரணியில் பாதி ஊருக்கு அந்தப் பாஷை தெரியும். தறிக்காரருக்குத் தெரியும், அட்டை அடிக்கிறவருக்குத் தெரியும், உன் வீட்டுக்குக் கீரை விற்க வருகிற கிழவிக்குக்கூடத் தெரியும், அவளும் தறி வீட்டில் பிறந்தவள். தெரியாத ஒரே ஒரு மூதேவி அண்டை வெட்டியவர் மகள் நான். டைப் அடிக்கிறவளுக்கு மேலேயிருந்து கீழேதானே போகத் தெரியும்? முப்பது வருஷச் சிநேகிதத்தில் இது உனக்குத் தோன்றவே இல்லையா? எனக்கும்தான், முப்பது வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேனே, நீ எந்த ஓரத்திலிருந்து நிறம் தீட்ட ஆரம்பிக்கிறாய் என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

அப்படியே உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் தறியில் இருந்தார். சுருளை நீட்டினேன். எழுந்து வராமல் குழிக்குள் இருந்தபடியே கேட்டார்: "திருப்பிப் படிச்சிட்டியா தங்கச்சி?"

"அவளுக்குத் தெரியுமாண்ணே? நான் தப்பாப் படிச்சது?"

"போனை வச்சதும் சிரிச்சா. 'லூசு, தலகீழா படிச்சிருக்குது'ன்னா. நான் போய் சொல்லிட்டு வரவான்னு கேட்டேன். 'வாணாம், ரெண்டு நாள்ல அவளே திருப்பிப் பாத்துட்டு ஓடியாருவா, வந்து என்னத் திட்டுவா, பாரு'ன்னா. வாசப்படியாண்ட செருப்புச் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பா." அவர் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் நீ மேடையில பேசனது காதுல வுழுந்துது. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. எட்டிப் பாக்கறதும் இல்ல."

ஜரிகைமீசை ஒரு பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கினான், நூலில் நகம் படவில்லை. நான் ஐந்து நிமிஷம் மைக்கைப் பிடித்தேன்.

இதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம். நான் நகத்தை நீட்டுகிறவள் என்று தெரியும் அல்லவா? முப்பது வருஷமாக "உள்ள இழுடி" என்று சொன்னவள்தானே? அன்றைக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் என்ன? "லூசு, தாளைத் திருப்பிப் பாரு." இவ்வளவுதானே, நாலே வார்த்தை! அந்த நாலு வார்த்தையை உனக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாயே. நானே வரட்டும் என்று உனக்கு ரோஷம், நீயே கூப்பிடட்டும் என்று எனக்கு ரோஷம். நடுவில் ஒரு ஆடி மாசம் முழுக்க வீணாய்ப் போனது. அந்த ஆடியை யார் திருப்பித் தருவார்கள்? மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லாமல் செய்துவிட்டாய். அதனால்தான் திட்டுகிறேன். நான் வந்து திட்டுவேன் என்று சொன்னாய் அல்லவா, இந்தா, வந்துவிட்டேன். வாங்கிக்கொள்.

நேற்று ஒன்பதாம் புத்தகத்தை எழுத உட்கார்ந்தேன். தின்றுபோன கட்டங்களை நிரப்பித் தருவதாகத் தேவராஜ் அண்ணன் சொன்னார், வேண்டாம் என்றேன். உன் கட்டத்தில் வேறு யாரும் நிறம் வைக்க வேண்டாம். எலி கடித்த ஓட்டை முதல் பக்கத்தில் அப்படியே அச்சாகட்டும். புத்தகத்தைக் கீழேயிருந்து மேலே படிக்கிற மாதிரியே அடிக்கச் சொல்லியிருக்கிறேன். "பசங்களுக்குப் புரியுமாங்க?" என்று அச்சகத்துக்காரர் இழுத்தார். "உங்களுக்கும் எனக்கும்தான் புரியாது, பசங்களுக்குப் புரியும்" என்றேன்.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு வருஷமாக வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊர் மறுபடி கேட்க ஆரம்பித்திருக்கிறது. பூக்காரி கேட்டாள், ஆபீசில் கேட்டார்கள், பாலத்தருகே பஸ்ஸுக்கு நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கேட்டாள்: "அந்தப் பூனை போடற அம்மாவுக்கு இன்னா நோவு? உனக்குத் தெரியாம இருக்குமா?" உன் வீட்டுக்காரர் அன்றைக்கு எல்லாம் சொன்னார். எங்கே ஆரம்பித்தது, எப்படிப் பரவியது, கடைசி வாரம் என்ன, எல்லாம். நுனிநாக்கில் வந்து நிற்கிறது. என் ஜென்மத்தில் இவ்வளவு பெரிய சேதியை இவ்வளவு நாள் வைத்திருந்ததில்லை, வயிறு உப்பிவிட்டது.

"தெரியாதும்மா" என்றேன். அந்த அம்மாள் நம்பவில்லை. ஆரணியில் ஒருத்தரும் நம்பவில்லை.

நீயே பார், இவ்வளவு நீளம் திட்டியிருக்கிறேன். உன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா? உன் நோயின் பெயர் இருக்கிறதா? சந்தேகமாக இருந்தால் கீழேயிருந்து மேலே படித்துப் பார். ஒரு சிவப்புக் கட்டம் கிடையாது.

ராத்திரி படுத்தால் வயிற்றின்மேல் ஒரு கனம் ஏறி உட்காருகிறது. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் உட்காருகிறான். நான் அசையாமல் படுத்து, உன்னைத் திட்டிக்கொண்டே தூங்கிப்போகிறேன், வாயைப் பிளந்துகொண்டு, நீ வரைந்த மாதிரியே.